குட்ரூன் பூட்டிய சிவப்புப் புள்ளி

ஹோல்ம்வாலில் யார் துப்பாக்கிக்கு என்ன கோளாறு வந்தாலும் குட்ரூனிடம்தான் போயாக வேண்டும். அடுத்த பட்டறைக்கு ஆற்றோடு இறங்கி இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். ஊரின் பழைய பால் கொட்டகையை வாங்கித் தேய்த்துக் கழுவித் தன் பட்டறையாக்கியிருந்தாள். எவ்வளவு கழுவினாலும் கோடையில் லேசாகப் புளித்த வாடை அடிக்கும். எண்ணெயும் காப்பியும் சேர்ந்து அதை அமுக்கிவிடும்.

மரம் வெட்டும் ரம்பங்களைப் பழுதுபார்த்துப் பழகிய கை அவளுடையது. பிறகு தெற்கே ஒரு ஊரில் துப்பாக்கி வேலை கற்றுக்கொண்டு திரும்பினாள். புருஷன் எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று நார்வே பக்கம் போனவன் அங்கேயே இருந்துவிட்டான். அவளும் தேடவில்லை. நல்ல வேலைக்காரி, நியாயமானவள், ஆனால் ஒன்றை மனதில் வைத்தால் வைத்ததுதான் என்று ஊரில் சொல்வார்கள். சின்ன வயதில் தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் தன் பல்லைக் கேலி செய்த பெரியப்பா மகனோடு அவன் சாகும்வரை பேசவில்லை. அவன் சாவுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாம் முடிந்ததும் மூன்று துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

அப்படிப்பட்டவள் மனதில் எட்டு வருஷமாக சிக்வார்ட் இருந்தான்.

சிக்வார்ட் ஊரின் வேட்டைக் குழுத் தலைவன். இலையுதிர் காலத்தில் எல்க் மான் வேட்டை தொடங்கும்போது யார் எந்தக் காவலிடத்தில் நிற்பது, யார் நாயோடு காட்டுக்குள் போவது என்பதெல்லாம் அவன் வாயிலிருந்துதான் வரும். குட்ரூனும் அவள் அண்ணன் ஏவால்டும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அப்பா போன பிறகு அவளை வளர்த்தவன் அவன்தான். வேட்டையைத் தவிர வேறு ஆசை இல்லாதவன். அந்த வருஷம் சதுப்பு ஓரமாக ஏவால்டும் சிக்வார்டும் அடுத்தடுத்த இடங்களில் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, நடுவில் பிர்ச் புதர். வெடிச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ஏவால்ட் ஒரு குட்டியைச் சுத்தமாக வீழ்த்தியிருந்தான். மற்றச் சத்தங்களும் அவனுடையவைதான் என்றான் சிக்வார்ட். "நான் துப்பாக்கியையே தூக்கல."

சில நாள் கழித்து பெர்ரி பறிக்கப் போன பெண்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். குட்ரூன்தான் போனாள். புதருக்குள் ஒரு பெண் எல்க் நின்றுகொண்டிருந்தது. கீழ்த்தாடை சிதறித் தொங்கியது. தின்னவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் விலா எலும்பெல்லாம் தெரிந்தது. பக்கத்தில் அதன் குட்டி. குட்ரூனைப் பார்த்தும் அது ஓடவில்லை. அவளே அதை முடித்து வைத்தாள்.

கண்டபடி சுட்டு விலங்கை வதைத்தவன் என்று குழு கூடி ஏவால்டை வெளியேற்றியது. கை தூக்கச் சொன்னவன் சிக்வார்ட். அடுத்த வாரமே அவன் தன் துப்பாக்கியை அவள் பட்டறைக்குக் கொண்டுவந்தான். மேலே இருந்த தொலைநோக்கி கடகடவென்று ஆடியது. "நேத்து வாசப்படில விழுந்துடுச்சு" என்றான். அதைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் அடித்தட்டின் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தாள். மரையில் துரு ஏறியிருந்தது, இடுக்கில் அழுக்கு அப்பியிருந்தது. ஒரு நாளில் வரக்கூடிய துரு இல்லை அது.

"இது மாசக்கணக்கா ஆடிட்டிருக்கு, சிக்வார்ட்."

"அப்படியா? சொல்லிப் பாரேன். தங்கச்சி பேச்சை யாரு நம்புவாங்க?"

சொல்லிப் பார்த்தாள். யாரும் நம்பவில்லை. ஏவால்ட் நாயை விற்றுவிட்டுக் கடற்கரை ஊருக்குக் குடிபோய்த் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். குட்ரூன் மட்டும் குழுவிலேயே இருந்தாள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் குழு மூட்டும் நெருப்புக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, சிக்வார்ட் ரொட்டியில் சாஸேஜைச் சுருட்டித் தின்பதைக் கண் எடுக்காமல் பார்ப்பாள். அவனுக்கு அந்தத் தீனி இறங்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இறங்கியது. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

இந்த வருஷம் ஆகஸ்டில் அவனே மறுபடி பட்டறை வாசலில் வந்து நின்றான். கூடவே மருமகன் யோவாகிம். பாவம், மாமனார் பேச்சுக்குத் தலையாட்டியே கழுத்து தேய்ந்த ஆள்.

"தொலைநோக்கி மங்கிப் போச்சு. போன வருஷம் ரெண்டு தடவை தப்பிடுச்சு. எல்லாப் பயலும் சிவப்புப் புள்ளி மாட்டிக்கிட்டுத் திரியறான், எனக்கும் ஒண்ணு மாட்டு" என்றான் சிக்வார்ட்.

குட்ரூன் தொலைநோக்கியைக் கழற்றி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி ஆற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. அதை மேசைமேல் வைத்தாள்.

குறி வைக்கும் இடத்தில் சிவப்பு ஒளிப்புள்ளி காட்டும் அந்தக் கருவியின் படம் ஒன்றைச் சிக்வார்ட் கையில் வைத்திருந்தான். தீப்பெட்டி அளவில், ஒரே ஒரு கண்ணாடி நிமிர்ந்து நிற்கும் சின்ன ரகம். "இதுதான் வேணும். பாக்க ஜோரா இருக்கு."

"ஜோரா இருக்கும். மழை பெஞ்சா புள்ளி கிளம்புற இடத்துல சொட்டு நிக்கும், ஊசியிலை விழுந்து ஒட்டிக்கும், புள்ளி காணாமப் போகும். நீ அக்டோபர்ல சதுப்புல நிக்கிறவன். ரெண்டு பக்கமும் மூடின குழாய் வாங்கு."

"கனமா இருக்குமே?"

"உன் வயித்தைவிடவா?"

யோவாகிம் சிரித்துவிட்டு உடனே இருமினான்.

பெரிய புள்ளி வேண்டும், சட்டென்று கண்ணில் படும் என்றான் சிக்வார்ட். பெரிய புள்ளி தூரத்தில் எல்க்கின் தோளையே மறைத்துவிடும், சின்னதை எடுத்து வெளிச்சத்துக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள் என்றாள் அவள். துப்பாக்கியை அவன் தோளில் வைக்கச் சொன்னாள். கண்ணை மூடி, கன்னத்தைத் துப்பாக்கியின் மரக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னாள். கண் இயல்பாக எந்த உயரத்தில் நிற்கிறதோ அதற்கு நேராகக் குழாயின் நடு வர வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வைத்தால் ஓடும் விலங்கின் மேல் புள்ளியை வைக்கவே முடியாது. தாழ்ந்த அடித்தட்டைத் தேர்ந்தெடுத்தாள். சொந்த அண்ணனுக்குப் பார்ப்பதுபோல்தான் பார்த்துச் சொன்னாள்.

"பழசெல்லாம் மறந்துட்டே போல" என்றான் சிக்வார்ட் கிளம்பும்போது. "நல்லது. ஒரே ஊர்ல இருக்கிறவங்க நாம."

"மறதி நல்ல மருந்து" என்றாள். கதவைச் சாத்திவிட்டுத் தரையில் அவன் பூட்ஸ் பதித்த சேற்றைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

சரக்கு வந்ததும் வேலையில் உட்கார்ந்தாள். துப்பாக்கியை மெத்தை வைத்த இடுக்கியில் பிடித்தாள். ஸ்க்ரூத் துளைகளில் இருந்த பழைய எண்ணெயைச் சாராயம் தொட்டுத் துடைத்தாள், எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது. அடித்தட்டு எங்கும் தூக்காமல் படிகிறதா என்று விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு மரைக்கும் கடுகளவு பசை. முறுக்கு அளவு வைத்த திருப்புளியால் ஒன்றொன்றாக, டிக் என்று சத்தம் வரும்வரை முடுக்கினாள். கடைசி ஸ்க்ரூ உள்ளங்கையில் இருந்தது.

அரைத் திருப்பு. அரைத் திருப்பு குறைத்தால் போதும். பட்டறையில் சுட்டுப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. பத்துப் பதினைந்து வெடிக்கு அப்புறம் மெல்ல நகரும். புள்ளி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம். ஊர் முழுக்கப் பார்த்துச் சிரிக்கும். நினைக்க நினைக்க நாக்கில் தேன் ஊறியது அவளுக்கு.

அப்புறம் புதருக்குள் நின்ற அந்த எல்க்கின் தாடை ஞாபகம் வந்தது. இவன் தளர்ந்த ஸ்க்ரூவோடு சுட்டால் அடி வாங்கப்போவது இவனா? இன்னொன்றும் தோன்றியது, அது அவளை இன்னும் உலுக்கியது: தளர்த்தினால் அவன் தப்பித்துவிடுவான். குட்ரூன் கெடுத்தாள் என்று சொல்லிக்கொண்டு சாகும்வரை நிம்மதியாக இருப்பான்.

அவனிடம் ஒரு சாக்குகூட மிஞ்சக் கூடாது.

கடைசி ஸ்க்ரூவையும் டிக் என்று முடுக்கினாள். பிறகு கடைக்குப் போய், வாழ்நாளில் முதல்முறையாக, மஞ்சள் நகப்பூச்சு ஒரு குப்பி வாங்கினாள். கடைக்காரி ஆச்சரியமாகப் பார்த்தாள். ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்தும் அடித்தட்டுவரை ஒரு மெல்லிய மஞ்சள் கோடு இழுத்தாள். ஸ்க்ரூ மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அவ்வளவு ஒழுங்காக அவள் யாருக்கும் புள்ளி பூட்டியதில்லை. எண்பது மீட்டரில் அட்டை வைத்து, குழல் ஆற ஆறக் காத்திருந்து சுட்டாள். துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன.

சிக்வார்ட் எடுத்துப்போக வந்த அன்று வாசலிலேயே துப்பாக்கியை உயர்த்தி எதிர்க்கரை மரங்களைப் பார்த்தான். புருவம் சுருங்கியது.

"என்னது இது? புள்ளிக்கு வால் முளைச்சிருக்கு. சிதறின தக்காளி மாதிரி இருக்கு."

"தலையைச் சாய்ச்சுப் பாரு. வாலும் கூடவே சாயுதா?"

சாய்ந்தது. தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் வாலும் திரும்பியது. குட்ரூன் தன் கைப்பேசியைக் குழாய்க்குப் பின்னால் பிடித்து ஒரு படம் எடுத்தாள். படத்தில் புள்ளி குங்குமப் பொட்டு மாதிரி வட்டமாக இருந்தது. கருவியில் குறையில்லை. அவன் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. தொலைநோக்கி மங்கியதும் அதனால்தான்.

இதை அவனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். காதோடு சொல்லியிருந்தால் சத்தம் போடாமல் கண் வைத்தியரிடம் போயிருப்பான். குட்ரூனுக்கு அவனைத் தெரியும். அந்த நேரம் யோவாகிம் கார் பக்கத்தில் நின்றான். குழுவின் மூத்தவர் அல்கோட் தன் துப்பாக்கிக் கட்டையை வாங்கிப்போக வந்து உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு பேருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"புள்ளி வட்டமாத்தான் இருக்கு, சிக்வார்ட். உன் கண்ணுதான் போச்சு. வயசாயிடுச்சு, போய் ஆஸ்பத்திரில காட்டு."

அவன் முகம் சிவந்தது. "என் கண்ணுக்கு என்ன? கழுகு மாதிரி இருக்கு! அக்கரையில எத்தனை காக்கா உக்காந்திருக்குன்னு சொல்லவா?"

"அங்க காக்காவே இல்லையே மாமா" என்றான் யோவாகிம் மெதுவாக.

"நீ வண்டில ஏறுடா!"

கார் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனான். அல்கோட் காப்பிக் கோப்பைக்கு மேலாக அவளைப் பார்த்தார். "நீ இதைத் தனியாச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் குட்ரூன்.

வேட்டை தொடங்குமுன் குழுவில் எல்லாரும் பயிற்சித் திடலில் சுட்டுக் காட்ட வேண்டும். காட்டாதவனுக்குக் காவலிடம் கிடையாது. அந்த விதியை இறுக்கிப் பிடித்தவன் சிக்வார்ட்தான், ஏவால்ட் விவகாரத்துக்குப் பிறகு. எல்க் உருவம் வரைந்த பலகை தண்டவாளத்தில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடும். ஓடும்போதே சுட வேண்டும். நுரையீரல் இருக்கும் இடத்தில் வட்டங்கள் போட்டிருக்கும்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை, லேசான தூறல். வழக்கம்போல் தலைவன்தான் முதலில். அவன் வெளிச்சத் திருகைக் கடைசிவரை கூட்டி வைத்ததைக் குட்ரூன் கவனித்தாள். அவன் கண்ணுக்கு இப்போது புள்ளி பெரிய தீக்கங்காகத் தெரியும், பலகை முழுக்க அதற்குள் மறைந்துவிடும். பலகை ஓடியது. சுட்டான். மறுபடி ஓடியது. மறுபடி சுட்டான். நிறுத்தி வைத்த பலகையையும் சுட்டான்.

குண்டு பட்ட இடங்களைப் பார்க்கப் போனவன் திரும்பி வந்து தொண்டையைச் செருமினான். "ஒண்ணு பின்னங்கால்ல. ஒண்ணு... மூஞ்சில. மத்ததெல்லாம் காத்துல."

யாரும் சிரிக்கவில்லை. யாரோ ஒருவன் புகையிலைப் பொடியை உதட்டுக்கடியில் திணித்துக்கொண்டான். சிக்வார்ட் துப்பாக்கியை மேசைமேல் போட்டுவிட்டுத் திரும்பினான்.

"இவ வேலை! அண்ணனுக்காக இத்தனை வருஷம் காத்திருந்து பழி வாங்கறா. ஸ்க்ரூவைத் தளர்த்தி வெச்சுக் குடுத்திருக்கா!"

இதற்காகத்தான் குட்ரூன் காத்திருந்தாள். ஓர் அடிகூட முன்னால் வைக்கவில்லை. "அல்கோட், நீங்களே பாருங்க. நான் தொட மாட்டேன். மஞ்சக் கோடு எங்கயாவது உடைஞ்சிருக்கா?"

அல்கோட் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எல்லா ஸ்க்ரூவையும் பார்த்தார். "எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்கு."

"இப்ப வெளிச்சத்தைக் குறைச்சுட்டு யாராவது சுடுங்க."

யோவாகிம்தான் எடுத்தான். ஏன் அவன் கை முதலில் நீண்டது என்று யாருக்கும் தெரியவில்லை, அவனுக்கே தெரியாது. பலகை ஓடியது, சுட்டான். திரும்ப ஓடியது, சுட்டான். இரண்டும் நுரையீரல் வட்டத்துக்குள்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு மாமா" என்றான். அந்த 'மாமா'வில் பழைய நடுக்கம் இல்லை.

"ஸ்க்ரூ தளரல, சிக்வார்ட்" என்றார் அல்கோட்.

"அப்ப வேற என்னமோ பண்ணியிருக்கா! ஸ்க்ரூ தளந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்குச் சதுப்புல ஒவ்வொரு வெடிக்கும் கடகடன்னு ஆடுச்சே, காதுலயே கேட்டுச்சே, இது அப்படி..."

சொன்னதை விழுங்கிக்கொள்ள வழியில்லாமல் அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

"எந்தச் சதுப்புல?" என்றாள் குட்ரூன். குரல் மென்மையாக இருந்தது. "நீதான் அன்னிக்குத் துப்பாக்கியையே தூக்கலையே."

சிக்வார்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அந்த மங்கின கண்ணுக்கு எந்த முகம் எவ்வளவு தெரிந்ததோ. "அது ஒரு எல்க்குதானே" என்றான் கடைசியில்.

"தாடை இல்லாம நாலு நாள் நின்னுச்சு" என்றாள். "நான்தான் முடிச்சேன். அதோட கண்ணை நான் பாத்தேன். எங்க அண்ணன் கண்ணையும் பாத்தேன். இன்னிக்கு உன் கண்ணையும் பாக்கறேன், நல்லாயிருக்கு."

அல்கோட் தலைவனின் தொப்பியில் குத்தியிருந்த குழு வில்லையைக் கழற்றித் தரச் சொன்னார். சிக்வார்ட் தொப்பியோடு கொடுத்துவிட்டுத் தலையில் தூறல் விழ நடந்து போனான். குட்ரூன் அவன் கார் கண்ணில் மறையும்வரை பார்த்தாள். அன்று மத்தியானம் இரண்டு சாஸேஜ் தின்றாள். இத்தனை வருஷத்தில் அந்த நெருப்புப் பக்கம் அவளுக்குப் பசித்தது அன்றுதான்.

மறுநாள் ஏவால்டைத் தொலைபேசியில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அழுதானா?"

"இல்ல."

"அடச்சே."

குழு அவனிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறது, பழைய இடத்தையே தரப்போகிறது, வா என்றாள்.

"அவனுங்க கூப்பிட்டா நான் ஓடி வரணுமா? கை தூக்கினவனுங்க எல்லாரும் அங்கதானே இருக்கானுங்க. சிக்வார்ட் ஒருத்தன்தான் பொய் சொன்னான். மத்தவனுங்களுக்கு நம்பறது சுலபமா இருந்துச்சு. நீயும்தான் அவனுங்களோட உக்காந்து காப்பி குடிச்சே."

"உனக்காகத்தான்ணே குடிச்சேன்!"

"நான் கேட்டேனா?"

அவள் வைத்துவிட்டாள். கோபத்தில் அன்று முழுக்க ஒரு கட்டையை இழைத்து இழைத்து வீணாக்கினாள். அண்ணன் சொன்னது தப்பில்லை என்பது அதைவிட எரிந்தது.

சிக்வார்டின் மகள் கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் குடும்பத்துத் துப்பாக்கிகள் ஆற்றோடு இறங்கி வேறு பட்டறைக்குப் போயின. யோவாகிமின் துப்பாக்கி மட்டும் வந்தது, தன்னுடையதற்கும் அதே மாதிரி மஞ்சள் கோடு வேண்டுமென்று கேட்டு. சிக்வார்டைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எப்போதாவது யோசிப்பாள். ஊருக்கு உண்மை தெரிந்திருக்காது என்ற முடிவுக்கு வந்து அடுத்த வேலையை எடுப்பாள்.

குளிர்காலத்தில் சிக்வார்ட் இரண்டு கண்ணுக்கும் அறுவை செய்துகொண்டான். மார்ச்சில் பனிச்சேறு தெறிக்கக் கார் வந்து பட்டறை முன் நின்றது. அவன் உள்ளே வரவில்லை. கார் ஜன்னல் கண்ணாடியை மட்டும் இறக்கினான். இளைத்திருந்தான்.

"புள்ளி இப்ப வட்டமாத்தான் தெரியுது" என்றான்.

"நான்தான் சொன்னேனே."

"ஏவால்டோட நம்பர் வேணும்."

கொடுக்காமல் அனுப்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அண்ணனைக் காப்பாற்றுவது தன் வேலையில்லை என்று நினைத்துச் சொன்னாள். சிக்வார்ட் கைப்பேசியில் தானே பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏவால்டே கூப்பிட்டான். மாதக்கணக்கில் பேசாமல் இருந்தது நடக்காத மாதிரி பேசினான்.

"அவன் போன் பண்ணினான்."

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமே சொல்லல. அன்னிக்கு நடந்ததை அவன் சொல்ல ஆரம்பிச்சான். போனை மேசைமேல வெச்சுட்டு ஹெர்ரிங் மீன் வறுக்கப் போயிட்டேன். வறுத்து, உருளைக்கிழங்கு மசிச்சு, சாப்பிட்டு, தட்டைக் கழுவிட்டு வந்து பாத்தா, இன்னும் பேசிட்டிருக்கான்."

"அப்புறம்?"

"'கேக்குதா ஏவால்ட், கேக்குதா'ன்னான். 'சரியாக் கேக்கல, மொதல்லேருந்து சொல்லு'ன்னேன்."

குட்ரூன் பட்டறை மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதிர்முனையில் அவள் அண்ணனும் சிரித்தான். அவன் சிரிப்பை அவள் மறந்தே போயிருந்தாள். மூக்கால் வரும், பன்றி உறுமுகிற மாதிரி இருக்கும்.

"சொன்னானா?" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே.

"சொன்னான்" என்றான் ஏவால்ட். "மொதல்லேருந்து."